பாம்பன் கரையில் 1949: நாலு பேர் சேர்ந்து கன்ட்ரி வாசிக்க

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், மூக்கையூர் என ராமநாதபுரம் கடலோரத்து ஊர்களில் தேவாலயப் பாடகர் குழு என்றாலே ஒரு கிட்டாரும் ஒரு கீபோர்டும் இருக்கும். 1949-ஆம் வருடத்து அமெரிக்க கன்ட்ரி இசையை வாசிக்க அந்தக் குழுவே போதும், புதிதாகப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். முதல் வேலை, கீபோர்டின் ரிதத்தை அணைப்பது. அன்றைய பெரிய கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் அந்த வருடத்து இசைத்தட்டுகளில் டிரம் கிடையாது. தாளத்தைக் காப்பது கிட்டாரும், கீழ்ச் சுரம் தரும் பாஸும்தான். கீபோர்டில் ஒரு பீட்டைப் போட்டுவிட்டு அதன்மேல் இந்தப் பாடல்களை வாசித்தால் இடைவெளியெல்லாம் நிரம்பி, பாட்டு மூச்சுமுட்டிப் போகும். இந்த இசைக்கு உயிரே அந்த இடைவெளிதான்.

ஏன் 1949? போர் முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸிலும் வானொலியிலும் இந்த இசை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஹாங்க் வில்லியம்ஸ் 1948 டிசம்பர் 22 அன்று சின்சினாட்டியில் பதிவு செய்த 'லவ்சிக் புளூஸ்' பிப்ரவரியில் வெளிவந்து, பாடல் தரவரிசைப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜூன் 11 அன்று அவர் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சி மேடையில் முதல்முறையாக ஏறினார். அதே ஜூன் 25 முதல் பில்போர்டு பத்திரிகை, 'ஃபோக்' என்று போட்டுவந்த பட்டியலுக்கு 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று பெயர் மாற்றியது. டிசம்பர் 11 அன்று ஏர்ல் ஸ்கிரக்ஸ் தன் மூன்று விரல் பாஞ்சோ (தோல் போர்த்திய கம்பி வாத்தியம்) வாசிப்பை 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' என்று பதிவு செய்தார். ஹாங்கி-டாங்க் (மதுக்கூடப் பாட்டு), புளூகிராஸ் (பாஞ்சோவும் வயலினும் சேர்ந்த வேக இசை), சகோதரர் இருகுரல் பாடல் எல்லாம் ஒரே வருடத்தில் பக்கத்தில் பக்கத்தில் கேட்கக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வருடம் கிடைக்காது.

எதில் தொடங்குவது என்பதில் பலர் தவறுவார்கள். 'லவ்சிக் புளூஸ்' பெரிய வெற்றி என்பதால் அதைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும். வேண்டாம். அது 1922-இல் கிளிஃப் ஃபிரெண்டும் இர்விங் மில்ஸும் எழுதிய பழைய மேடைப் பாட்டு. மூன்று கார்டுக்குள் (கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதி) அடங்காது, குரல் வேலையும் கடினம். டெல்மோர் சகோதரர்களின் 'புளூஸ் ஸ்டே அவே ஃபிரம் மீ' அதே வருடத்தது, 12 பார் (ஒரு பார் என்பது நாலு தட்டு) புளூஸ், மெதுவான நடை, மூன்றே கார்டு. அதிலிருந்து தொடங்குங்கள். பாஞ்சோ பாட்டைக் கிட்டாரில் வாசிக்க முயல்வதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

தாளம் பிடிக்கும் கிட்டார்

ஸ்கேலை ஜி-யில் வைத்துக்கொள்ளுங்கள். குரலுக்கு ஒத்துவராவிட்டால் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவை நகர்த்தலாம், கை வடிவம் மாற வேண்டாம். முதல் தட்டில் பாஸ் கம்பி ஒன்று மட்டும், இரண்டாம் தட்டில் கீழ்ப்பக்க மெல்லிய கம்பிகளில் குட்டையாக ஒரு வீச்சு, மூன்றில் இன்னொரு பாஸ் கம்பி, நான்கில் மறுபடி வீச்சு. ஜி-க்கு 6-ஆம் கம்பி (மிகத் தடித்தது), பிறகு 4-ஆம் கம்பி. சி-க்கு 5, பிறகு 4. டி7-க்கு 4, பிறகு 5. வீச்சு முடிந்த உடனே வலது உள்ளங்கையின் ஓரம் கம்பிகள்மேல் படிந்து ஒலியை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் திறந்த கம்பிகள் அடுத்த பாஸ் சுரத்தின்மேல் ஓடி, எல்லாம் கொழகொழவென்று கலந்துவிடும்.

நம் காதுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் சமத்தில் அழுத்தம் வைத்துப் பழகியவர்கள், கை தட்டச் சொன்னால் முதல் தட்டில்தான் தட்டுவோம். இந்த இசையில் 'டிக்' என்ற அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. பழக ஒரு வழி: மெட்ரோனோமை 50-இல் வைத்து, அதன் ஒவ்வொரு ஒலியையும் இரண்டாம் தட்டு, நான்காம் தட்டு என்று எண்ணுங்கள். வாசிப்பு 100 வேகத்தில் போகும். முதல் மூன்று நாள் தடுமாறும், ஒலி தானாக முதல் தட்டுக்கு நழுவும். நழுவினால் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணித் தொடங்குங்கள். சமாளித்துக்கொண்டே போனால் தவறுதான் பழக்கமாகும்.

இரண்டாவது கிட்டார் இருந்தால் அது டிரம்மின் இடத்தை எடுத்துக்கொள்ளும். திறந்த கம்பியே இல்லாமல் ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்கும் பேரே கார்டு பிடித்து, இரண்டிலும் நான்கிலும் மட்டும் அடித்து, அடித்த கணமே இடது கையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். விரல் கம்பியைவிட்டு எழக்கூடாது, அழுத்தம் மட்டும் போக வேண்டும். 'லவ்சிக் புளூஸ்' பதிவில் இருந்த ஸீக் டர்னர் போன்ற கிட்டார்காரர்கள் அமுக்கிய கம்பிகளால் இப்படித்தான் தாளத்தைத் தாங்கினார்கள்.

ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது நடுவில் பாஸ் நடக்கலாம்: 6-ஆம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பி), 5-ஆம் கம்பி திறந்தது, அதே கம்பி இரண்டாம் ஃப்ரெட், பிறகு மூன்றாம் ஃப்ரெட்டில் சி. ஒரு பாட்டில் இரண்டு இடத்துக்குமேல் இதைப் போடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் போட்டால் பாடுகிறவர் காதுக்குள் யாரோ பேசிக்கொண்டே இருப்பதுபோல் ஆகிவிடும்.

அன்னக்கூடை பாஸ்

அந்த இசைத்தட்டுகளில் இருப்பது ஆளுயர டபுள் பாஸ். அது இல்லாத இடத்தில் அமெரிக்கக் கிராமங்களில் துவைக்கும் தொட்டியைக் கவிழ்த்து ஒற்றைக் கம்பி பாஸ் செய்தார்கள். நமக்கு மீன் விற்கிற அலுமினிய அன்னக்கூடை இருக்கிறது. 50 முதல் 60 செ.மீ. வாய் அகலம் உள்ளது நல்லது.

அடிப்பாகத்தின் நடுவில் 6 மி.மீ. துளை போட்டு ஒரு ஐ-போல்ட்டை மாட்டுங்கள். தகட்டின் உள்ளும் புறமும் அகலமான வாஷர் கட்டாயம். வாஷர் இல்லாமல் மாட்டினால் இழுவையில் துளை கிழிந்து, நாலே நாளில் கூடை வீணாகும். கம்பிக்கு 2 முதல் 2.5 மி.மீ. தடிமன் உள்ள தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு). முடிச்சு எப்படிப் போடுவது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 120 செ.மீ. நீளச் சவுக்குக் கம்பை எடுத்து, அடி நுனியில் கூடை விளிம்பு உட்காரும்படி ஒரு செ.மீ. ஆழத்துக்கு வெட்டு போடுங்கள். மேல் நுனியிலிருந்து 5 செ.மீ. கீழே துளையிட்டுத் தங்கூசியைக் கட்டுங்கள். கம்பு கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்து நிற்கும்போதே கம்பி விறைப்பாக இருக்க வேண்டும். தொங்கினால் சுரமே வராது.

கவிழ்த்த கூடையின் எதிர் விளிம்புக்கு அடியில் ஓட்டுத் துண்டு வைத்து 3 செ.மீ. தூக்குங்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் ஒலி வெளியே வரும். தரையோடு படிந்திருந்தால் டப்பென்ற சத்தம் மட்டும் கேட்கும். கம்பு இருக்கும் பக்கத்து விளிம்பை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, கம்பைப் பின்னால் இழுத்தால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். போனில் ட்யூனரை வைத்து ஜி, சி, டி மூன்றையும் கைப்பழக்கத்தில் கண்டுபிடியுங்கள். முதலில் பார் ஒன்றுக்கு ஒரே சுரம், முதல் தட்டில். அது உறுதியான பிறகு மூன்றாம் தட்டையும் சேர்க்கலாம். மெல்லிய தங்கூசி போட்டால் விரலை அறுக்கும், ஒலியும் பாஸாக இராது. வெயிலில் காய்ந்த தங்கூசி திடீரென்று அறுந்து முகத்தில் அடிக்கும். வெளுத்துப்போனால் மாற்றிவிடுங்கள்.

மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல்

இதுதான் இந்த இசையின் அழுகுரல். பழைய கிட்டார் ஒன்றை மடியில் கிடத்தி, கம்பிகளை உயர்த்தி, இரும்பு உருளையை மேலே ஓட்ட வேண்டும். கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு முறை உடனே புரியும். கருங்காலிக் கட்டைக்குப் பதில் எஃகு.

உருளையை லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள்: 19 மி.மீ. விட்டம், 75 மி.மீ. நீளம், ஒரு முனை தோட்டாபோல் உருண்டிருக்க வேண்டும். எடை சுமார் 170 கிராம் வரும். எவர்சில்வரில் 316 ரகம் கேளுங்கள். 304 ரகத்தில் உப்புக்காற்று பட்டுப் புள்ளி விழும், அந்தப் புள்ளி கம்பியில் கரகரவென்று கேட்கும். கடைந்த பிறகு 1000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் நீளவாக்கில் தேயுங்கள், குறுக்காக அல்ல.

நட்டின் (கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல் அலுமினிய எல்-ஆங்கிள் துண்டை உட்கார வைத்து, கம்பிகள் ஃப்ரெட் பலகையிலிருந்து ஏறக்குறைய 10 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். பழைய நட்டின் இடைவெளியிலேயே ஆறு பள்ளம் ராவிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: தடித்த கம்பிக்கு ஆழமான பள்ளம், மெல்லியதற்கு மேலோட்டமான பள்ளம். ஆறு கம்பிகளின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் உருளை எல்லாவற்றையும் தொடும். தொடாத கம்பி இரையும்.

சுருதி சேர்க்க, 'லவ்சிக் புளூஸ்' பதிவில் ஸ்டீல் வாசித்த ஜெர்ரி பேர்டின் பெயரோடு இணைந்த சி6 முறையைப் பரிந்துரைக்கிறோம். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. சாதாரண செட்டை அப்படியே முறுக்கி இதற்குக் கொண்டுபோகாதீர்கள், தடித்த கம்பிகள் அறுந்துபோகும். 11 அல்லது 12-இல் தொடங்கும் செட் இரண்டு வாங்கிக் கம்பிகளை இடம் மாற்றுங்கள். 6-ஆம் இடத்தில் ஒரு 4-ஆம் கம்பி, டி-யிலிருந்து சி-க்குத் தளர்த்தி. 5-ஆம் இடத்தில் இன்னொரு 4-ஆம் கம்பி, ஈ-க்கு ஏற்றி. 4-ஆம் இடத்தில் 3-ஆம் கம்பி, ஜி-யாகவே. 3-ஆம் இடத்தில் ஒரு 2-ஆம் கம்பி, ஏ-க்குத் தளர்த்தி. 2-ஆம் இடத்தில் இன்னொரு 2-ஆம் கம்பி, சி-க்கு ஏற்றி. முதல் கம்பி அப்படியே. மொத்த இழுவை சாதாரணச் சுருதியைவிட அதிகமாகாது, பழைய கிட்டாரின் பிரிட்ஜ் பிடுங்கிக்கொள்ளாது.

இனி வாசிப்பு. உருளை ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விரலால் வாசித்துப் பழகியவர்கள் ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வைப்பார்கள். ஸ்டீல் எப்போதும் சுருதி குறைவாகக் கேட்பதற்கு இதுவே காரணம். தலையை உருளைக்கு நேர் மேலே வைத்துப் பாருங்கள், சாய்வாகப் பார்த்தால் கண் ஏமாற்றும். இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் உருளைக்குப் பின்னால் கம்பிகள்மேல் லேசாகப் படிந்து வர வேண்டும். அவை எழுந்தால் பின்பக்கக் கம்பி தனியாக ஊளையிடும்.

ஏழாம் ஃப்ரெட்டில் ஜி, 12-இல் சி, 14-இல் டி. 1, 2, 4-ஆம் கம்பிகளை மட்டும் மீட்டினால் சுத்தமான மேஜர். 4-ஐ விட்டு 1, 2, 3 மீட்டினால் அதே ஏழாம் ஃப்ரெட்டில் ஈ மைனர். ஒரு வரியின் முடிவில் இரண்டு ஃப்ரெட் கீழிருந்து சறுக்கி, தட்டு விழும் கணத்தில் சுரத்தில் நின்று, நின்ற பிறகு உருளையை ஓரிரண்டு மி.மீ. முன்னும் பின்னும் அசையுங்கள். கமகம் கற்றவர்கள் இங்கே கையை அடக்க வேண்டும். சுரத்துக்குச் சுரம் ஊசலாடினால் அது வேறு இசையாகிவிடும். அழகான இசைதான், ஆனால் 1949 அல்ல. ஹாங்கின் ஸ்டீல்காரர் டான் ஹெல்ம்ஸின் வாசிப்பு உயர்ந்த சுரங்களில் நிற்கும், குரல் அதற்குக் கீழே நடமாடும். பாடும்போது ஸ்டீல் வாய் திறக்கவே வேண்டாம், வரி முடிந்த இடுக்கில் மட்டும் பதில் சொன்னால் போதும்.

எலெக்ட்ரிக் கிட்டாரை இப்படி மாற்றியிருந்தால் ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனைப் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கையில் எஃகு, கம்பியும் எஃகு, உதட்டருகே இரும்பு மைக். எர்த் இல்லாத கொட்டகையில் இது உயிருக்கே ஆபத்து.

வயலின்காரர் கிடைத்தால் விடாதீர்கள். கர்நாடகச் சுருதியில் இருக்கும் கம்பிகளை ஜி, டி, ஏ, ஈ-க்கு இரண்டு நாளாக மெல்ல ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் மெல்லிய கம்பி போய்விடும். இரண்டு கம்பியைச் சேர்த்து இழுக்கும் நீண்ட வில் வேண்டும், வேறு அலங்காரம் வேண்டாம்.

குரலும் சொல்லும்

ஹாங்கின் பாட்டில் குரல் நெஞ்சிலிருந்து தலைக்குத் தாவும்போது ஒரு உடைப்பு கேட்கும். கர்நாடகப் பயிற்சி அந்த உடைப்பை மறைக்கச் சொல்லித்தருகிறது, இங்கே அது தெரிய வேண்டும். 'ஓ' என்று கீழ்ச் சுரத்தில் பிடித்து மெல்ல ஏறுங்கள், குரல் தானாகப் பிசகும் இடம் ஒன்று வரும். அந்த இடத்துக்குக் கீழே 'ஓ', மேலே 'ஈ' என்று நடுவில் இழுக்காமல் தாவுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். தொண்டை எரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஆங்கில வரிகளை அப்படியே பாடலாம். ஆனால் இந்த மெட்டுக்குத் தமிழில் சொந்தமாக எழுதினால்தான் ஊர் உட்கார்ந்து கேட்கும். ஒரு விதி: நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் நெடில் வர வேண்டும். குறிலை நீட்டினால் சொல்லே மாறிப்போகும். இந்த எட்டுப் பாரைப் பாருங்கள், ஒரு பாருக்கு ஒரு துண்டு:

வாடை வந்து / வீசுதடி / வாசல் விளக்கு / ஆடுதடி
போன படகு / காணலையே / பொழுது மட்டும் / போகுதடி

கார்டு: ஜி, ஜி, சி, ஜி, சி, ஜி, டி7, ஜி. பாடிப் பார்த்தால் ஏழாம் பாரில் இடறும். டி7-இல் மெட்டு நீளும் இடத்தில் 'பொ' என்ற குறில் மாட்டிக்கொண்டு 'போழுது' என்று வாயில் வருகிறது. 'நேரம் மட்டும் போகுதடி' என்று மாற்றினால் 'நே' நிம்மதியாக நீளும். மோனை கொஞ்சம் போகும், போகட்டும். மெட்டு உடைவதைவிட அது மேல். ஆங்கிலப் பாட்டில் வரிக் கடைசியில் ஒலி ஒத்துவரும், நமக்கு அதற்கு இயைபு இருக்கிறது. வீசுதடி, ஆடுதடி, போகுதடி என்று அது தானாகவே வந்து விழும்.

சேர்த்து வாசிப்பதும் பதிவும்

10 அங்குல 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். 1949 மார்ச் 31 அன்று ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 7 அங்குல 45 சுழற்சித் தட்டுகளிலும் பாட்டின் நீளம் அதேதான். அந்தக் கட்டுப்பாட்டை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். 100 வேகத்தில் 16 பார் 38 வினாடி ஆகும். ஸ்டீல் முன்னுரை நாலு பார், பாடல், பல்லவி, பாடல், பல்லவி என்று நாலு சுற்று போனால் 2 நிமிடம் 43 வினாடி. தனி வாசிப்பு வேண்டுமென்றால் மூன்றாவது சுற்றில் முதல் எட்டுப் பாரை ஸ்டீலுக்கோ வயலினுக்கோ கொடுங்கள். கூடுதலாக ஒரு சுற்று சேர்க்காதீர்கள்.

பதிவுக்கு ஒரே மைக், அல்லது உயரமான ஸ்டாண்டில் ஒரு போன். பாடுகிறவர் 30 செ.மீ. தூரத்தில், கிட்டார் 80 செ.மீ., ஸ்டீல் ஒன்றரை மீட்டர், கூடை பாஸ் இரண்டரை மீட்டர் பின்னால். 30 வினாடி பதிவு செய்து கேளுங்கள். எது கூடுதலாகக் கேட்கிறதோ அவரை ஒரு அடி பின்னால் தள்ளுங்கள், ஒலியைக் குறைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். ஒலியைக் குறைத்து வாசித்தால் தாளத்தின் உறுதியும் கூடவே போய்விடும். வெறுஞ்சுவர் எதிரொலித்தால் பனையோலைப் பாய் நாலைந்து தொங்கவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னல் திறந்த அறையில் பதிவு நடக்காது. கடலுக்குப் போகிறவர்கள் குழுவில் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும், என்ஜின் சத்தமும் குறைவு.

உப்பு

கரையில் கிட்டார் கெடுவதற்குப் பெரும்பாலும் உப்புதான் காரணம். முதலில் துருப்பிடிப்பவை மெல்லிய இரண்டு கம்பிகள், அவை வெறும் எஃகு. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால் கவ்வி மேலிருந்து கீழ்வரை துடையுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் எடுத்துத் தடவி, உடனே துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும். வாடைக்கால ஈரத்தில் மரம் ஊறிக் கிட்டாரின் வயிறு உப்பும், கம்பி உயரும். அப்போது பிரிட்ஜைச் சீவாதீர்கள், மாசி பங்குனியில் தானே இறங்கும். சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் கிட்டாரை விட்டுவந்தால் பசை இளகிப் பிரிட்ஜ் கழன்றுவிடும்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள். நீல மணிகள் வெளிர் சிவப்பாகிவிட்டால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். பையிலிருந்து கொட்டி, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். முழுக்க ஆறிய பிறகு பையில் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள்.